ஆர்மரர் பயிற்சியின் எழுத்துத் தேர்வுக்கு எப்படித் தயாராவது?

ஆயுதப்படையில் இரண்டாம் நிலைக் காவலராக இருக்கும் தண்டையார்பேட்டைத் தம்பி ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவர். ஆர்மரர், அதாவது படையின் துப்பாக்கிகளைச் சோதித்துப் பழுதுபார்ப்பவர், ஆவதற்கான பயிற்சிக்குத் தேர்வாகியிருக்கிறார். பயிற்சியின் முடிவில் செய்முறைத் தேர்வோடு 100 மதிப்பெண்ணுக்கு எழுத்துத் தேர்வும் உண்டு என்றும், வினாத்தாள் ஆங்கிலத்தில் வரும் என்றும், இன்சாஸ் ரைஃபிளைக் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துப் பூட்ட முடிகிற தமக்குப் பேனாவைப் பிடித்தால் ஒரு வரிகூட ஓடுவதில்லை என்றும் சொல்கிறார். எதை மனப்பாடம் செய்வது, எதை விட்டுவிடலாம், செய்முறையில் எடுக்கும் மதிப்பெண் எழுத்தில் விழும் குறையை ஈடுகட்டுமா என்பவை அவருடைய கேள்விகள்.

தம்பி, நான் இருபத்தாறு ஆண்டுகள் ஆர்மரராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன்; இப்போது ராயபுரத்தில் இருக்கிறேன். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஈடுகட்டாது, ஈடுகட்டவும் கூடாது என்பதே என் எண்ணம். பெல் ஆஃப் ஆர்ம்ஸில் (ஆயுத அறையில்) நீங்கள் செய்யப்போகும் வேலையில் சரிபாதி எழுத்து வேலைதான். ஒரு துப்பாக்கி ஏன் திருப்பி அனுப்பப்படுகிறது, எந்த உறுப்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எந்த கேஜில் (அளவு சோதிக்கும் கருவியில்) தோற்றது என்பதை, அந்தத் துப்பாக்கியை ஒருநாளும் பார்க்கப்போகாத ஓர் அதிகாரிக்கு நான்கு வரிகளில் புரியவைக்க வேண்டும். நீங்கள் எழுதப்போகும் தேர்வு அந்த நான்கு வரிகளுக்கான தேர்வுதான். ஆகையால் அதைப் பள்ளிக்கூடத்து வரலாற்றுப் பாடம்போல அணுகாமல், கையால் செய்வதை வாயால் சொல்லிப் பழகுவதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கை தெரிந்து வைத்திருப்பது பேனாவுக்கு வராமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. துப்பாக்கியைப் பிரிக்கும்போது அடுத்து எந்த உறுப்பு வெளியே வர வேண்டும் என்பதைத் துப்பாக்கியே சொல்லிக்கொடுத்துவிடுகிறது. வெள்ளைத்தாள் எதையும் சொல்லித்தராது. எனவே தாளின் மேல் உங்களுக்கு வழிகாட்டுகிற ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது ரவையின், அதாவது தோட்டாவின், பயணம். மெகசினில் (ரவைகள் அடுக்கிய பெட்டியில்) இருக்கும் ஒரு ரவை வெற்றுக் கேஸாகி (பித்தளைக் கூடாகி) வெளியே விழும் வரை என்னென்ன நடக்கிறது என்பதை எட்டுப் படிகளாகச் சொல்வார்கள். மெகசினிலிருந்து ரவை மேலே வருவது ஃபீடிங், குழலின் பின்முனையில் ரவை உட்காரும் சேம்பருக்குள் போவது சேம்பரிங், பின்புறம் பூட்டிக்கொள்வது லாக்கிங், பிறகு ஃபயரிங், பூட்டு விலகும் அன்லாக்கிங், கேஸை இழுக்கும் எக்ஸ்ட்ராக்‌ஷன், அதை வெளியே தள்ளும் எஜெக்‌ஷன், அடுத்த சூட்டுக்குத் தயாராகும் காக்கிங். இந்த எட்டுப் பெயர்களையும் வரிசை மாறாமல் ஆங்கில எழுத்துக் கூட்டலோடு எழுதத் தெரிந்திருக்க வேண்டும். மனப்பாடம் என்று நான் கேட்பதில் முதன்மையானது இதுதான். எந்தத் துப்பாக்கியைப் பற்றிய கேள்வியானாலும், எந்தக் கோளாறைப் பற்றிய கேள்வியானாலும், விடை இந்த எட்டுப் படிகளில் ஏதோ ஒன்றில் உட்கார்ந்திருக்கும்.

ஆனால் எட்டுப் படிகளையும் எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே மாதிரி ஒப்பித்துவிட்டு வருகிறவர்கள்தான் பெரும்பாலும் மதிப்பெண் இழக்கிறார்கள். தேர்வு வைப்பவர் பார்க்க விரும்புவது வேறுபாட்டை. 9 மி.மீ. கார்பைன் 1ஏ1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டெர்லிங் வகையைச் சேர்ந்தது, 34 ரவை மெகசின். இதில் லாக்கிங் எங்கே நடக்கிறது என்று கேட்டால், நடப்பதில்லை என்பதே விடை. இது ப்ளோபேக் முறையில் இயங்குவது. சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் எடையும் ஸ்பிரிங்கின் தள்ளுதலும் மட்டுமே, குண்டு பேரலை (குழலை) விட்டுப் போகும்வரை கேஸைப் பின்னால் வரவிடாமல் தடுக்கின்றன. பிஸ்டல் ரவையின் அழுத்தம் குறைவு என்பதால் இது போதும். ரைஃபிள் ரவையை இப்படி எளிய ப்ளோபேக்கில் சுட வேண்டுமானால் போல்ட்டைத் தூக்க முடியாத எடையில் செய்ய வேண்டியிருக்கும் என்று ஒரு வரி சேர்த்து எழுதினால், நீங்கள் புரிந்துகொண்டு எழுதுகிறீர்கள் என்பது திருத்துபவருக்குத் தெரிந்துவிடும். அதே கார்பைன் போல்ட் திறந்த நிலையிலிருந்து சுடுவது. ட்ரிகரை அழுத்தியதும் போல்ட் முன்னோக்கி ஓடும் ஒரே ஓட்டத்தில் ஃபீடிங், சேம்பரிங், ஃபயரிங் மூன்றும் முடிந்துவிடுகின்றன. ஆகவே காக்கிங் என்ற படிக்கு அதில் இருக்கும் பொருளே வேறு.

எஸ்.எல்.ஆர். (செல்ஃப் லோடிங் ரைஃபிள்) எனும் 7.62 மி.மீ. ரைஃபிளில் பிரீச் பிளாக் (அதன் போல்ட்) பின்பக்கம் கீழே சாய்ந்து பூட்டிக்கொள்கிறது. ஏ.கே. 47-இலும் இன்சாஸிலும் போல்ட் சுழன்று பூட்டிக்கொள்கிறது. .303 லீ என்ஃபீல்டில் பூட்டும் லக்குகள் (முண்டுகள்) போல்ட்டின் பின்பாகத்தில் இருக்கின்றன. மேலும் அதில் ஸ்ட்ரைக்கர் (ரவையைத் தட்டும் ஊசி) காக் ஆவது, அதாவது சுடத் தயாராவது, போல்ட்டை முன்னே தள்ளி மூடும்போது. மாஸர் வகையில் முதன்மையான லக்குகள் முன்பக்கத்தில் இருக்கும். 9 மி.மீ. பிஸ்டல் ஆட்டோ 1ஏ, இஷாப்பூரில் செய்யப்படும் பிரவுனிங் வகைப் பிஸ்டல். அதில் பேரலும் ஸ்லைடும் சிறிது தூரம் சேர்ந்தே பின்னுக்கு வந்து, பிறகு பேரலின் பின்பாகம் கீழிறங்கிப் பிரிகிறது. எம்.பி.5-இல் உருளைகள் போல்ட்டின் திறப்பைத் தாமதப்படுத்துகின்றன. இவற்றை ஒரு பெரிய தாளில் படம் வரைந்து, ஒவ்வொன்றின் பூட்டும் இடத்தையும் சிவப்பு மையால் குறித்துச் சுவரில் ஒட்டிவையுங்கள். துப்பாக்கிகளின் எடை, நீளம், தூரம் என்று வரும் எண்களைவிட இந்தப் படத்தில்தான் நேரம் செலவிட வேண்டும். எடை, நீளம் எல்லாவற்றையும் உங்கள் பயிற்சி மையத்தில் தரும் பாம்ஃப்லெட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். வேறு இடங்களில் ஒரே ரைஃபிளுக்கு மெகசினோடு ஓர் எடையும் மெகசின் இல்லாமல் ஓர் எடையும் கலந்து கிடக்கும், அதை நம்பி எழுதி ஏமாறாதீர்கள்.

சுடும்போது எழும் வாயுவால் இயங்கும் ரைஃபிள்களில் இரண்டு இடங்களில் பலர் சறுக்குகிறார்கள். முதலாவது, பிஸ்டன். ஏ.கே.யில் பிஸ்டன் போல்ட் கேரியரோடு இணைந்தே முழுத் தூரமும் போய் வருகிறது, எஸ்.எல்.ஆரில் அது தனி உறுப்பு, சிறிது தூரம் தட்டிவிட்டுத் தன் ஸ்பிரிங்கால் திரும்பிவிடுகிறது. இரண்டாவது, எஸ்.எல்.ஆரின் கேஸ் ரெகுலேட்டர்; இங்கே கேஸ் என்பது வாயு. அதைத் திறந்தால் பிஸ்டனுக்கு வாயு கூடும் என்று குழாயைத் திறப்பதுபோல நினைத்து எழுதிவிடுகிறார்கள். உண்மை அதற்கு நேர் எதிரானது. அந்த ரெகுலேட்டர் மிகுதியான வாயுவை வெளியே விடுகிற துளையைக் கட்டுப்படுத்துகிறது. துளையைத் திறக்கத் திறக்க வாயு வெளியே போய் பிஸ்டனுக்குக் கிடைப்பது குறையும், மூட மூடக் கூடும். வாயு குறைவாக இருந்தால் போல்ட் முழுத் தூரம் பின்னுக்கு வராமல் அடுத்த ரவையை எடுக்கத் தவறும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அடுத்து ஹெட்ஸ்பேஸ். இதற்கு எவ்வளவு நேரம் செலவிட்டாலும் தகும். போல்ட்டின் முகத்துக்கும், ரவை சேம்பருக்குள் முட்டி நிற்கும் இடத்துக்கும் இடையிலுள்ள தூரம்தான் ஹெட்ஸ்பேஸ் என்று எல்லோரும் எழுதிவிடுவார்கள். அந்த முட்டி நிற்கும் இடம் எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. .303 ரவைக்கு அடியில் விளிம்பு உண்டு. அது அந்த விளிம்பில் நிற்கிறது. 5.56, 7.62×51, 7.62×39 ஆகியவற்றுக்குத் துருத்திய விளிம்பு இல்லை. அவை கேஸின் தோள்பகுதியில் நிற்கின்றன. 9 மி.மீ. ரவைக்கு விளிம்பும் இல்லை, தோளும் இல்லை. அது கேஸின் வாயில் நிற்கிறது. .303-க்கான கேஜ்கள் 0.064 அங்குலமும் 0.074 அங்குலமும் ஆகும். முதல் கேஜின்மீது போல்ட் மூட வேண்டும், இரண்டாவதன்மீது மூடக் கூடாது. இடைவெளி 0.010 அங்குலம், அதாவது ஏறத்தாழக் கால் மில்லிமீட்டர். நீங்கள் ஃபிட்டர் படித்தவர், ஐ.டி.ஐ.யில் துளைகளைச் சோதித்த கோ, நோ-கோ பிளக் கேஜின் அதே தத்துவம்தான் இது என்பது உங்களுக்குச் சட்டென்று விளங்கும். வியாசர்பாடித் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் நண்பர் யாராவது இருந்தால், அவரிடம் 0.25 மி.மீ. ஃபீலர் கேஜ் இலையை வாங்கி விரலால் தடவிப் பாருங்கள். ஒரு ரைஃபிள் தேறுவதற்கும் தோற்பதற்கும் நடுவே இருப்பது அவ்வளவுதான் என்பதைக் கை உணர்ந்துவிட்டால் எண் மறக்காது.

ஹெட்ஸ்பேஸ் மிகுந்தால் என்ன ஆகும் என்று கேட்டால், ‘ஆபத்து’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடாதீர்கள். ஃபயரிங் பின் தட்டியதும் கேஸ் முன்னுக்குத் தள்ளப்படுகிறது. அழுத்தம் ஏறும்போது கேஸின் சுவர் சேம்பரோடு ஒட்டிக்கொள்ள, அடிப்பாகம் மட்டும் பின்னால் போல்ட் முகம் வரை தள்ளப்படுகிறது. இடையில் பித்தளை இழுபட்டு மெலிந்து, அடிக்குச் சற்று மேலே வளையமாக அறுந்துபோகலாம். அறுந்தால் வாயு பின்னால் பாயும், அறுந்த துண்டு சேம்பரில் தங்கி அடுத்த ரவையைத் தடுக்கும். குறைந்தால் போல்ட் மூடாது, அல்லது வலிந்து மூட வேண்டியிருக்கும். இப்படிக் காரணமும் விளைவுமாக எழுதிய விடையைத் திருத்துபவர் ஒருபோதும் பாதி மதிப்பெண்ணோடு விடமாட்டார்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பணியில் சேர்ந்த புதிதில், மழையில் நனைந்த பந்தோபஸ்துக்குப் பிறகு ஒரு முகாமில் .303 ரைஃபிள்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போல்ட்டுகளைக் கழற்றி ஒரே மேசையில் வரிசையாக உலர வைத்து, திரும்பப் போடும்போது இரண்டை மாற்றிப் போட்டுவிட்டேன். இரண்டுமே வழுக்கிக்கொண்டு மூடின. எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. மறுநாள் காலையில் எங்கள் மூத்த ஆர்மரர் ஒவ்வொரு ரைஃபிளையும் எடுத்து, பாடியில் உள்ள எண்ணையும் போல்ட் கைப்பிடியில் உள்ள எண்ணையும் என்னையே உரக்கப் படிக்கச் சொன்னார். ஐந்தாவது ரைஃபிளில் எண் ஒத்துப்போகவில்லை. அவர் திட்டவில்லை, 0.074 கேஜை எடுத்துக் கையில் கொடுத்து மூடிப்பார்க்கச் சொன்னார். மூடியது. என் உடம்பு வியர்த்ததை இன்றும் மறக்கவில்லை. பிறகு அந்த நிகழ்வை நானே பதிவேட்டில் எழுத வேண்டும் என்றார். மூன்று முறை எழுதவைத்து, மூன்றாவதைத்தான் ஏற்றுக்கொண்டார். போல்ட் எண்ணும் பாடி எண்ணும் ஏன் ஒத்திருக்க வேண்டும் என்ற இரண்டு மதிப்பெண் கேள்வி உங்கள் தாளில் வந்தால், அதற்குப் பின்னால் இருப்பது இதுதான்.

காலிபர் பற்றிய கணக்குகள் எளியவை. ஆனால் பயந்து விட்டுவிடுகிறார்கள். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. என்ற ஒன்று போதும். .303 என்பது 7.7 மி.மீ.; .410 என்பது 10.4 மி.மீ. பன்னிரண்டு போர் துப்பாக்கியில் 12 என்பது அங்குலமும் அல்ல, மில்லிமீட்டரும் அல்ல. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு குறுக்களவு இருக்குமோ அதுதான் அந்தக் குழலின் அளவு. 453.6 கிராமைப் பன்னிரண்டால் வகுத்தால் 37.8 கிராம், ஈயத்தின் அடர்த்தி 11.34, கன அளவு 3.33 கன செ.மீ.; அதற்கேற்ற உருண்டையின் குறுக்களவு 18.5 மி.மீ. இதை ஒருமுறை நீங்களே போட்டுப் பார்த்துவிட்டால், எண் கூடினால் குழல் ஏன் சிறுக்கிறது என்பது தானாகத் தெரியும். .410 மட்டும் இந்தக் கணக்கில் வராது, அது நேரடியாக அங்குல அளவு என்பதைப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்; .410 மஸ்கட்டையும் பன்னிரண்டு போரையும் ஒரே கேள்வியில் வைத்துக் குழப்புவது வினாத்தாள் அமைப்பவர்களுக்குப் பிடித்த வழி.

7.62 என்று எழுதியிருப்பதால் மட்டும் ரவைகள் ஒன்றாகிவிடாது என்பதும் அதே வகையைச் சேர்ந்தது. எஸ்.எல்.ஆருக்குரிய 7.62×51-உம் ஏ.கே.க்குரிய 7.62×39-உம் ஒன்றுக்கொன்று மாற்றாகாது. இரண்டாவது எண் கேஸின் நீளம். பேரலின் உட்சுவரில் ரைஃபிளிங் என்ற சுருள் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும்; அங்கே மேட்டுக்கு மேடு அளப்பது வேறு, பள்ளத்துக்குப் பள்ளம் அளப்பது வேறு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்; .303 என்பது மேட்டுக்கு மேடு அளந்த அளவு, ஆகவே குண்டின் குறுக்களவு அதைவிடச் சற்றுக் கூடுதல். ரைஃபிளிங் ஏன் என்ற கேள்விக்கு, குண்டைச் சுழலவிட்டு நிலைப்படுத்த என்று எழுதிய பிறகு, ஓர் எண்ணையும் வையுங்கள். என்ஃபீல்டில் ஐந்து பள்ளங்கள், இடப்பக்கச் சுழற்சி, 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. மார்க் 7 ரவை வினாடிக்கு 2440 அடி வேகத்தில் கிளம்பினால், அதாவது 744 மீட்டர், குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 2900 முறை சுழல்கிறது. பேரலுக்குள்ளே அது சுற்றுவது இரண்டரைச் சுற்றுதான் என்பதை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும்.

கோளாறுகளைப் பற்றிய கேள்விகளில்தான் ஃபிட்டர் படித்தவருக்குக் கூடுதல் பலம். கேஸ் வெளியே வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். சேம்பர் அழுக்கு, எக்ஸ்ட்ராக்டரின் நகம் தேய்வு, அதன் ஸ்பிரிங் தளர்வு, வாயுக் குறைவு, ரவையின் குறை என்று காரணங்களை அடுக்குவதோடு நின்றால் அது வெறும் பட்டியல். ஆர்மரரிடம் எதிர்பார்ப்பது, எந்தக் காரணம் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்பது. மாட்டிக்கொண்ட கேஸைக் கம்பியால் தள்ளி எடுத்து அதன் விளிம்பைப் பாருங்கள். விளிம்பு பிய்ந்திருந்தால் எக்ஸ்ட்ராக்டர் தன் வேலையைச் செய்திருக்கிறது, கேஸ்தான் சேம்பரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விளிம்பு பழுதில்லாமல் இருந்தால் நகமோ அதன் ஸ்பிரிங்கோதான் பிடிக்கத் தவறியிருக்கிறது; அங்கே பார்க்க வேண்டும். இப்படி அறிகுறி, காரணம், சோதனை, சரிசெய்தல் என்ற வரிசையில் பத்துக் கோளாறுகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். .303-இல் ரவைகளைச் சார்ஜரில் (ரவைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்பில்) அடுக்கும்போது மேல் ரவையின் விளிம்பு கீழ் ரவையின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொள்வதால் வரும் அடைப்பு அந்தப் பத்தில் ஒன்றாக இருக்கட்டும். இன்னொன்று, கோளாறுபோலத் தோன்றி கோளாறு அல்லாதது: பிஸ்டல் 1ஏ-யில் மெகசினை எடுத்துவிட்டால் ட்ரிகர் வேலை செய்யாது. அது பழுதல்ல, அமைப்பிலேயே உள்ள பாதுகாப்பு. தெரியாமல் ‘ட்ரிகர் பழுது’ என்று எழுதியனுப்பிய அறிக்கைகளை என் பணிக்காலத்தில் படித்திருக்கிறேன்.

சுடப்படாமல் போன ரவையைப் பற்றிய கேள்வியில் மிஸ்ஃபயரையும் ஹேங்க்ஃபயரையும் பிரித்து எழுதுங்கள். முதலாவதில் வெடிப்பே நிகழவில்லை. இரண்டாவதில் தாமதமாக நிகழ்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் முதலில் ஒரே மாதிரிதான் தெரியும் என்பதால்தான், குழலை இலக்கின் திசையிலேயே வைத்து, உங்கள் பாம்ஃப்லெட்டில் குறித்த நேரம்வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். சத்தம் குறைந்து, குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிட்ட நிலை இவை இரண்டையும்விடக் கொடியது. அடுத்த ரவையைச் சுட்டால் குழல் உப்பும் அல்லது பிளக்கும். பேரலில் உப்பிய வளையம் தெரிந்தால் காரணம் என்ன என்று கேட்பார்கள், விடை அடைப்புதான்.

எந்த விடையையும் தொடங்கும்போது துப்பாக்கியைப் பாதுகாப்பாக்கும் வரியோடு தொடங்குங்கள். பாதுகாப்பான திசையில் குழலைப் பிடித்து, முதலில் மெகசினைக் கழற்றி, அதன் பிறகே காக் செய்து, சேம்பரைக் கண்ணால் பார்த்து விரலாலும் தடவி உறுதி செய்ய வேண்டும். இந்த வரிசை ஏன் என்பதையும் எழுதுங்கள். மெகசின் இருக்கும்போதே காக் செய்தால் பழைய ரவை வெளியே விழும், புதிய ரவை உள்ளே போகும். பார்த்தவர் வெளியே விழுந்ததைக் கண்டு காலி என்று நினைத்துவிடுவார். திறந்த போல்ட் கார்பைனில் மெகசின் இருக்கும்போது ட்ரிகரைச் சோதித்தால் அது சுட்டே விடும். பிரித்தல், பூட்டுதல், கேஜ் போடுதல் என்று எந்தக் கேள்வி வந்தாலும் இந்தத் தொடக்கம் இல்லாத விடை எனக்குத் திருத்தக் கிடைத்தால், நான் தயங்காமல் மதிப்பெண் குறைப்பேன்.

பராமரிப்புப் பகுதியைப் படிக்க உங்களுக்கு நம் ஊரைவிடச் சிறந்த பாடநூல் கிடையாது. காசிமேட்டுப் பக்கம் சன்னல் கம்பிகளும் சைக்கிள் செயின்களும் ஆறே மாதத்தில் எப்படிச் சிவந்து செதில் செதிலாக உதிர்கின்றன என்று பார்த்து வளர்ந்தவர்தானே நீங்கள். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பின்மேல் நிறுத்திவைக்கிறது. அதனால்தான் கடலோரத்தில் துரு விரைவாகப் பிடிக்கிறது. இதே செயல் ஒரு ரைஃபிளின் குழலுக்குள்ளும் நடக்கும். பழைய .303 ரவைகளின் பிரைமரில் (தட்டியதும் முதலில் தீப்பற்றும் பகுதியில்) பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாகக் குழலில் படியும். உப்பு எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும். எனவே சுட்ட ரைஃபிளில் வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலரத் துடைத்து, அதன் பிறகே எண்ணெய் போட வேண்டும். நேராக எண்ணெய் போட்டால் உப்பை எண்ணெய்க்கு அடியில் பூட்டிவைத்ததாகிவிடும். ‘வெந்நீர் ஏன்’ என்ற கேள்விக்கு ‘அழுக்குப் போக’ என்று எழுதுகிறவருக்கும் இப்படி எழுதுகிறவருக்கும் உள்ள தூரம் அதிகம்.

துடைக்கும் துணியின் அளவையும் கேட்பார்கள். சுத்தம் செய்ய 4×2 அங்குலம், எண்ணெய் போட 4×1½ அங்குலம். எண்ணெய்த் துணி சிறியதாக இருப்பது, இறுக்கத்தில் எண்ணெய் முழுவதும் பிழியப்பட்டுவிடாமல் இருப்பதற்காக. துணியைக் கட்டி இழுக்கும் கயிறான புல்த்ரூவைச் சேம்பர் பக்கத்திலிருந்து விட்டு முன்வாய் வழியாக நேராக இழுக்க வேண்டும். கயிறு ஒரு பக்கமாக உராய்ந்தால் குழலின் வாய் தேய்ந்து குண்டு விலகும். பிஸ்டலைத் தோல் உறையிலேயே வைத்துச் சேமிக்கக் கூடாது, தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பதையும் ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

சட்டப் பகுதியை இரண்டு மாலைகளில் முடித்துவிடலாம். ஆயுதச் சட்டம் 1959-இல் இயற்றப்பட்டது, 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விதிகள் 2016-இல் புதிதாக வந்தன. 2019 திருத்தத்துக்குப் பின் உரிமம் பெற்றவர் பொதுவாக வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன. பிரிவு 3 வைத்திருக்க உரிமம், பிரிவு 5 செய்ய, விற்க, பழுதுபார்க்க உரிமம், பிரிவு 6 குழலைக் குட்டையாக்குவது, பிரிவு 25 தண்டனை. பிரிவு 5-இல் பழுதுபார்த்தல் என்ற சொல் இருப்பதைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். பணியில் செய்யும் வேலைக்குச் சட்டம் இடம் தருகிறது. தெரிந்தவர் என்பதற்காக வெளியாள் ஒருவரின் துப்பாக்கியை வீட்டில் வைத்துச் சரிசெய்து கொடுத்தால் அது குற்றம். இது தேர்வுக்குப் பிறகும் உங்களுக்குத் தேவைப்படும்.

ஆங்கிலத்தைப் பற்றிய உங்கள் அச்சம் புரிகிறது. உறுப்புகளின் பெயர் அத்தனையும் ஏற்கெனவே ஆங்கிலத்தில்தான் நம் வாயில் இருக்கிறது. உங்களுக்குக் குறைவது ஐம்பது அறுபது வினைச்சொற்கள் மட்டுமே. பிடிக்கிறது, விடுவிக்கிறது, சுழல்கிறது, தேய்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும் போன்றவை. ஒரு நோட்டின் இடப்பக்கத்தில் விடையை முதலில் தமிழில் எழுதுங்கள், எண்ணம் ஓடட்டும். வலப்பக்கத்தில் அதையே சிறு சிறு ஆங்கில வாக்கியங்களாக எழுதுங்கள். வாக்கியத்துக்கு எட்டுச் சொற்களுக்கு மேல் வேண்டாம். இலக்கணப் பிழை ஒன்றிரண்டு இருந்தாலும் உறுப்பின் பெயர் சரியாக இருந்தால் திருத்துபவர் புரிந்துகொள்வார். எக்ஸ்ட்ராக்டரையும் எஜெக்டரையும் மாற்றி எழுதினால் ஆங்கிலம் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை. வினா எத்தனை மதிப்பெண்ணோ அத்தனை செய்திகள் விடையில் இருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டு எழுதுங்கள்.

ஒரு வேண்டுகோள். பயிற்சி மையத்தில் தரும் பாம்ஃப்லெட்டுகளைக் கைப்பேசியில் படமெடுத்து வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், நண்பர்களுக்கு அனுப்பாதீர்கள். அங்கே உட்கார்ந்து படித்துவிட்டு, வீட்டில் வெறுந்தாளில் நினைவிலிருந்து எழுதுங்கள். மறுநாள் அங்கே போய் ஒப்பிட்டுப் பாருங்கள். விதிக்கும் இதுதான் சரி, நினைவுக்கும் இதுதான் நல்லது. இரவில் கூட்டாளிகளோடு கேரம் ஆடும் நேரத்தில் அரைமணியை மட்டும் இதற்கு எடுத்துக்கொண்டால் போதும்.

முதல் வாரத்துக்கு மூன்று கேள்விகள் தருகிறேன். கார்பைன் 1ஏ1-இன் இயக்கத்தை எஸ்.எல்.ஆரோடு ஒப்பிட்டு, எந்தப் படிகளில் வேறுபடுகிறது என்று எழுதுக. போல்ட் எண் மாறிய .303 ரைஃபிள் ஒன்று உங்களிடம் வருகிறது. நீங்கள் செய்யும் சோதனைகளையும், மேலதிகாரிக்கு அனுப்பும் நான்கு வரி அறிக்கையையும் எழுதுக. கடலோரக் காவல் நிலையத்துக்குக் கொடுக்கப்படும் ரைஃபிளின் வாராந்தரப் பராமரிப்பைக் காரணங்களோடு எழுதுக. ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம், கடிகாரத்தை முன்னால் வைத்து, நோட்டைத் திறக்காமல். எழுதி முடித்ததும் தவறுகளை அழிக்காமல் சிவப்பு மையால் பக்கத்திலேயே திருத்தி, அந்தத் தாள்களை எனக்கு அனுப்புங்கள். இரண்டாவது கேள்வியின் அறிக்கையை நான் முதலில் படிப்பேன்.